என் மதிப்பு யார் கையில்?
வாசகர் கேள்வி – பதில்

● நான் யார் என்பதை நான் முடிவு செய்கிறேனா, இல்லை ஊர் முடிவு செய்கிறதா?
– வாசகர், லாஸ்பேட்டை

ஊர்தான் முதலில் எழுதுகிறது. நாம் பிறகு திருத்துகிறோம். திருத்தலாம் என்று தெரிவதற்கே பலருக்குப் பாதி ஆயுள் போய்விடுகிறது.

மூன்று வயதுக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்தவரிடம் "இவனுக்குக் கூச்சம் ஜாஸ்தி, யார்கிட்டயும் பேசமாட்டான்" என்கிறோம். குழந்தை கேட்டுக்கொண்டிருக்கிறது. அடுத்தமுறை ஆள் வந்ததும் தலையைக் குனிந்துகொள்கிறது. அமெரிக்கச் சமூகவியலாளர் சார்லஸ் கூலி 1902இல் இதை அழகாகப் பிரித்துக் காட்டினார். அடுத்தவர் கண்ணில் நாம் எப்படித் தெரிகிறோம் என்று கற்பனை செய்கிறோம். அதை அவர் எப்படி எடைபோடுகிறார் என்று மறுபடி கற்பனை செய்கிறோம். அதிலிருந்து பெருமைப்படுகிறோம், அல்லது கூனிப்போகிறோம். மூன்றில் இரண்டு நம்முடைய கற்பனை. எதிரே நிற்பவர் அந்த நேரம் தன் வீட்டுக் கரண்டு பில்லைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கலாம்.

● சட்டக் கல்லூரியில் பொன்னுத்தம்பி பிள்ளை வழக்கைப் பற்றிச் சொன்னார்கள். ஒரு ஜோடி பூட்சுக்காகப் பாரீஸ் வரை போனாரா? கழற்றிவிட்டு வாதாடியிருக்கலாமே?
– மாணவர், காலாப்பட்டு

கழற்றியிருக்கலாம். கட்சிக்காரர் வழக்கும் நடந்திருக்கும். அவர் கழற்றாததால்தான் இன்று நீங்கள் அவரைப் பற்றிக் கேட்கிறீர்கள்.

1873. புதுச்சேரி நீதிமன்றத்துக்குள் ஐரோப்பிய வக்கீல்களைப் போலவே காலுறையும் பூட்சும் போட்டுக்கொண்டு நுழைந்தார் பொன்னுத்தம்பி பிள்ளை. இந்தியர் அப்படி வரக்கூடாது என்பது அன்றைய நடைமுறை. நீதிபதி மறித்தார். இவர் பணியவில்லை. வழக்கு பாரீஸ் உச்ச நீதிமன்றம் வரை போனது. தீர்ப்பு இவர் பக்கம் வந்தது.

வாசலில் செருப்பை விடுவது நமக்குப் புதிதா என்ன? கோயிலில் விடுகிறோம், வீட்டில் விடுகிறோம். அங்கே யாருக்கும் அது உறுத்துவதில்லை, காரணம் எல்லோரும் விடுகிறோம். நீதிமன்றத்தில் அதே படிப்பு, அதே தொழில், அதே சட்டப் புத்தகம். பக்கத்தில் நிற்கும் வெள்ளைக்கார வக்கீல் பூட்சோடு நிற்க, இவர் மட்டும் வெறுங்காலோடு நிற்க வேண்டும். ஒருநாள் என்றால் தாங்கிக்கொள்ளலாம். தினமும் நின்றால் உடம்பு அதைப் பாடம் பண்ணிக்கொள்ளும். பிறகு யாரும் ஒதுக்காத இடத்திலும் அவன் தானாக ஒதுங்கி நிற்பான். பெரிய அவமானங்கள் மனிதனைக் கோபப்படுத்தும். இந்த மாதிரிச் சின்ன நடைமுறைகள்தான் அவனை உள்ளுக்குள் சிறுக்க வைக்கும். அவை சின்னதாக இருப்பதாலேயே "இதுக்குப் போயா?" என்று கேட்டு வாயை மூடிவிடலாம். உங்கள் கேள்வியும் அதைத்தான் கேட்கிறது, தம்பி. நீங்கள் வக்கீலான பிறகு இந்தக் கேள்வியை எந்தக் கட்சிக்காரரிடமும் கேட்காதீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பொன்னுத்தம்பி வேளாளர், படித்தவர், வழக்கு நடத்த வசதியுள்ளவர். அதே காலத்தில் தமிழ் ஊர்களில் சேரியிலிருந்து வந்தவர் மேல்சாதித் தெருவில் செருப்போடு நடக்க முடியாது. அவருக்கு மேல்முறையீடு செய்யப் பாரீஸ் இல்லை.

● பொன்னுத்தம்பி பிள்ளை பிறகு பேரையே மாற்றிக்கொண்டாராமே? பேர் மாறினால் மரியாதை வந்துவிடுமா?
– வாசகி, உப்பளம்

லாப்போர்த் என்று வைத்துக்கொண்டார். 1881 செப்டம்பர் 21ஆம் தேதி பிரெஞ்சு அரசு ஓர் ஆணை போட்டது. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் யாரானாலும் தங்கள் மரபுச் சட்டத்தைக் கைவிடுவதாகப் பதிவு செய்யலாம். பிரெஞ்சு சிவில் சட்டம் அவர்களுக்குப் பொருந்தும். குடும்பப் பெயர் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். இப்படிப் பதிந்தவர்களை 'ரெனோன்சான்' என்றார்கள். மேல்சாதி இந்துக்கள் பெரும்பாலும் இதைத் தொடவில்லை. கிறிஸ்தவர்களும் சாதியால் நசுக்கப்பட்டவர்களுமே அதிகம் போனார்கள். பழைய பேரைச் சொன்னதும் எந்தத் தெரு என்று தெரிந்துவிடும் நாட்டில், எந்தத் தெருவையும் காட்டிக்கொடுக்காத பேர் ஒன்று அவர்களுக்குக் கிடைத்தது. முன்னோர் பேரை விட்டுவிட்டார்களே என்று குறைசொல்பவர்கள், அந்தப் பேர் அவர்களை எப்படி நடத்தியது என்பதையும் விசாரிக்க வேண்டும்.

மரியாதை வந்ததா? பாதி வந்தது. 1884இல் வாக்காளர்களை மூன்று பட்டியலாகப் பிரித்தார்கள். ஐரோப்பியர் ஒன்று, ரெனோன்சான் ஒன்று, மற்ற இந்தியர் ஒன்று. சட்டத்தில் பிரெஞ்சுக்காரர், பட்டியலில் தனி. அவர்களில் பலர் சைகோனுக்குப் போய்ச் சுங்கத்திலும் நீதிமன்றத்திலும் போலீசிலும் வேலை பார்த்தார்கள். அங்கே ஐரோப்பியருக்கு இணையான சம்பளத்துக்கும் வாக்குரிமைக்கும் மறுபடி போராட வேண்டியிருந்தது. பேரை ஒருவர் தனியாக மாற்றிக்கொள்ள முடியும். பட்டியலை மாற்றப் பலர் வேண்டும்.

● எனக்கு எழுத வருகிறது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. நம்பிக்கை வந்த பிறகு எழுதலாம் என்றிருக்கிறேன். சரியா?
– கல்லூரி மாணவி, அரியாங்குப்பம்

தலைகீழாக வைத்திருக்கிறீர்கள், அம்மா. எழுதுங்கள். நம்பிக்கை பின்னால் வரும்.

உங்கள் ஊருக்குப் பக்கத்து உதாரணமே தருகிறேன். 1891இல் இங்கே பிறந்த கனக சுப்புரத்தினம், பிரெஞ்சு அரசுப் பள்ளியில் தமிழாசிரியர். பாரதி இங்கே அடைக்கலம் புகுந்திருந்த 1908க்கும் 1918க்கும் இடைப்பட்ட காலம் அது. ஒரு கல்யாண வீட்டில் சுப்புரத்தினம் பாரதியின் பாட்டைப் பாடினார். கூட்டத்தில் பாரதியே உட்கார்ந்திருப்பது பாடியவருக்குத் தெரியாது. பழக்கம் வளர்ந்தது. ஒருநாள் பாரதி சொல்லி, அவர் முன்னாலேயே சுப்புரத்தினம் ஒரு பாட்டு எழுதினார். பாரதி அதைத் தன் கவிதை மண்டலத்தைச் சேர்ந்தவர் எழுதியது என்று குறிப்புப் போட்டுச் சுதேசமித்திரனுக்கு அனுப்பினார்.

பாரதி "உனக்குத் திறமை இருக்கு" என்று முதுகில் தட்டிவிட்டுப் போயிருந்தால் அந்த வார்த்தை ஒரு வாரம் தாங்கியிருக்கும். அவர் எழுதச் சொன்னார். எழுதியதைப் படித்தார். தன் பேரைப் பக்கத்தில் வைத்து வெளியே அனுப்பினார். அதன் பிறகே சுப்புரத்தினம் பாரதிதாசன் ஆனார். நாமே நம்மை நம்புவதற்குமுன் நாம் மதிக்கும் ஒருவர் நம் வேலையை நம்ப வேண்டியிருக்கிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அவர் படிப்பதற்கு ஒரு தாளாவது எழுதியிருக்க வேண்டும். இன்று ராத்திரியே எழுதுங்கள். உங்களைப் புகழ்கிற நண்பரிடம் கொடுக்க வேண்டாம், நன்றாகப் படிக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

● சென்னையில் வேலை. எந்த ஊர் என்று கேட்பார்கள். 'பாண்டிச்சேரி' என்றதும் "சரக்கு வாங்கிட்டு வா மச்சான்" என்கிறார்கள். எரிச்சலாக வருகிறது.
– வாசகர், நெல்லித்தோப்பு

எரிச்சல் நியாயமானது. ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதிய ஊர், பாரதி பாஞ்சாலி சபதம் எழுதிய ஊர், பிரபஞ்சன் பிறந்த ஊர் என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். கேட்பவர் காதில் ஏறாவிட்டாலும் பரவாயில்லை. சொல்லும்போது உங்கள் காதில் விழுமே.

● போட்டோ போட்டால் எத்தனை லைக் என்று பத்து நிமிஷத்துக்கு ஒருதடவை பார்க்கிறேன். குறைந்தால் அன்றைக்குச் சாப்பாடே இறங்கவில்லை. இது இந்தக் காலத்து நோய்தானே?
– வாசகி, ரெயின்போ நகர்

போன் இந்தக் காலத்தது. பசி பழையது.

ஆனந்தரங்கப் பிள்ளை 1736லிருந்து 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். துய்ப்ளே கவர்னராக இருந்தபோது அவருடைய தலைமை துபாஷி. அன்றைய புதுச்சேரியில் இந்தியர்களில் அவருக்கு மிஞ்சியவர் இல்லை. அப்படிப்பட்டவர் குறிப்பில் சண்டை, சரக்குக் கப்பல், பஞ்சம் எல்லாம் வருகின்றன. கூடவே கவர்னர் அன்று எப்படிப் பேசினார், யாருக்கு என்ன மரியாதை நடந்தது என்பதும் வந்துகொண்டே இருக்கிறது. 1754இல் துய்ப்ளே கப்பலேறினார். அதோடு பிள்ளையின் செல்வாக்கும் சரியத் தொடங்கியது. கவர்னர் மதித்ததால் வந்தது, கவர்னரோடு போனது. அவர் எழுதிவைத்த குறிப்பு மட்டும் யார் தயவும் இல்லாமல் நிற்கிறது. இன்று அவரை நாம் மதிப்பது அதற்காக. உயிரோடு இருந்தபோது அந்தக் குறிப்புக்காக அவரை யாரும் மெச்சியிருக்க வழியில்லை.

உளவியலாளர் ஜெனிஃபர் க்ராக்கர் 2001இல் இதைப் பற்றி எழுதினார். ஒவ்வொருவரும் தன் மதிப்பை ஏதோ சிலவற்றின் மேல் பந்தயம் கட்டுகிறோம். ஒருவர் அழகின் மேல், ஒருவர் மார்க்கின் மேல், ஒருவர் பிறர் பாராட்டின் மேல், ஒருவர் நேர்மையின் மேல். எதன் மேல் கட்டுகிறோமோ அது ஏறினால் ஏறுகிறோம், இறங்கினால் இறங்குகிறோம். உங்கள் பந்தயம் முழுவதும் ஒரே குதிரையின் மேல் இருக்கிறது. அதைப் பிரியுங்கள். யாருக்கும் காட்டாமல் செய்கிற ஒன்று உங்களுக்கு வேண்டும். கோலமோ தையலோ எதுவானாலும் சரி. அதைப் படமெடுக்காதீர்கள்.

● தினமும் காலையில் கண்ணாடியைப் பார்த்து 'நான் அருமையானவன்' என்று பத்துமுறை சொன்னால் தன்னம்பிக்கை வரும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். வருமா?
– வாசகர், முதலியார்பேட்டை

ஏற்கெனவே இருப்பவருக்குக் கொஞ்சம் கூடலாம். இல்லாதவருக்குக் குறையலாம். கனடாவில் ஜோன் வுட்டும் உடன் ஆய்வாளர்களும் 2009இல் சோதித்துப் பார்த்தது இது. தன்னைத் தாழ்வாக நினைப்பவர் அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது உள்ளே இன்னொரு குரல் "பொய்" என்கிறது, அவர் மனம் முன்னைவிடச் சோர்கிறது. நேற்று செய்துமுடித்த ஒரு வேலையைச் சொல்லிப் பாருங்கள். அதை மறுக்க உள்ளே யாரும் இருக்கமாட்டார்கள்.

● அப்பா ரோடியர் மில்லில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். மில் மூடியதிலிருந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். "நான் இனி எதுக்கு" என்கிறார். "ரெஸ்ட் எடுங்கப்பா" என்றால் கோபம் வருகிறது. என்ன செய்ய?
– மகன், முத்தியால்பேட்டை

ஓய்வு எடுக்கச் சொல்வதை முதலில் நிறுத்துங்கள். அவர் காதில் அது "நீங்கள் வேண்டாம்" என்று விழுகிறது.

ரோடியர் மில் என்று நாம் சொல்லும் ஏ.எஃப்.டி. மில் 1898இல் தொடங்கியது, 2020 ஏப்ரலோடு மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு மில் சங்குதான் கடிகாரம். எழுவது, சாப்பாடு கட்டுவது, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது எல்லாம் அதை வைத்துத்தான். சங்கு நின்றதும் சம்பளம் மட்டும் நின்றது என்று நாம் நினைக்கிறோம்.

ஆஸ்திரியாவில் மரியன்தால் என்ற கிராமம். அங்கேயும் துணி ஆலைதான் ஊருக்கே சோறு. 1930ஐ ஒட்டி ஆலை மூடியது. மரி யஹோதா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைசல் மூவரும் போய் அந்த மக்களிடையே ஆய்வு செய்து 1933இல் புத்தகமாக வெளியிட்டார்கள். நேரம் நிறையக் கிடைத்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்துபோயிருந்தது. ஆண்கள் தெருவில் மெதுவாக நடந்தார்கள், வழியில் நின்று நின்று போனார்கள். இன்று பகலில் என்ன செய்தீர்கள் என்று கேட்டால் அவர்களுக்குச் சொல்ல எதுவும் நினைவில் இல்லை. பெண்கள் அப்படியில்லை. அடுப்பும் பிள்ளைகளும் அவர்களை நிற்கவிடவில்லை. வேலை பணத்தோடு சேர்த்து ஒரு நாளுக்கு உருவத்தையும், நாலு பேரோடு சேர்க்கையையும், நான் இல்லாவிட்டால் ஒன்று நின்றுபோகும் என்ற உணர்வையும் தருகிறது என்று யஹோதா பிற்காலத்தில் விளக்கினார்.

உங்கள் அப்பா சோம்பேறியாகிவிடவில்லை. அந்த மூன்றும் ஒரே நாளில் அவரிடமிருந்து போய்விட்டன. அவற்றைத்தான் திருப்பித்தரப் பார்க்க வேண்டும். கடைக்குப் போய்வரச் சொல்வது போதாது, அது எடுபிடி வேலை. அவருக்காக யாராவது காத்திருக்கிற வேலையாக இருக்க வேண்டும், நேரத்துக்குப் போகவேண்டியதாக இருக்க வேண்டும். தெருப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் ரிப்பேர் கற்றுக்கொடுப்பதானாலும் சரி, கோயில் திருவிழாக் கணக்குப் பார்ப்பதானாலும் சரி. தறியோ எந்திரமோ கைபடப் பழகிய மனிதருக்கு அந்தக் கை சும்மா இருப்பதுதான் பெரிய தண்டனை.

ஒரு யோசனை. 1936 ஜூலை 30ஆம் தேதி இந்த ஊர் ஆலைத் தொழிலாளர்கள் மேல் பிரெஞ்சுப் படை சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். வ. சுப்பையா வழிநடத்திய அந்தப் போராட்டத்தின் பலனாக அடுத்த ஆண்டு எட்டு மணி நேர வேலை சட்டமானது. ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் தொழிற்சங்கங்கள் அஞ்சலி செலுத்துகின்றன. இந்த ஆண்டு அப்பாவோடு போங்கள். பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். கதையை அவர் சொல்லட்டும், நீங்கள் கேளுங்கள்.

● ஆகஸ்டில் பாரீசிலிருந்து பெரியப்பா வீட்டார் வருகிறார்கள். அவர்கள் வந்து இறங்கியதும் எங்கள் வீடு சின்னதாகிவிடுகிறது. ஏன் இப்படித் தோன்றுகிறது?
– வாசகி, குருசுக்குப்பம்

மனிதன் உலகப் பணக்காரனோடு தன்னை ஒப்பிடுவதில்லை, பெரியப்பா மகனோடுதான் ஒப்பிடுகிறான். லியோன் ஃபெஸ்டிங்கர் 1954இல் எழுதியது இது. தன்னை அளக்க வேறு அளவுகோல் இல்லாதபோது தனக்கு நெருக்கமானவனை எடுத்து மனிதன் அளக்கிறான்.

புதுச்சேரியில் இந்தப் புண் ஆழமானது. 1962 ஆகஸ்ட் 16இல் இந்தியாவோடு சட்டப்படி இணைப்பு முடிந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் எழுதிக்கொடுக்க ஆறு மாதம் அவகாசம். ஒரே வீட்டில் அண்ணன் எழுதிக்கொடுத்தார், தம்பி கொடுக்கவில்லை. அன்று அது ஒரு தாளில் ஒரு கையெழுத்து. இன்று அதை வைத்துக் கல்யாணச் சந்தையில் மாப்பிள்ளைக்கு விலை போடுகிறார்கள். யாருடைய உழைப்பும் குணமும் அந்தக் கையெழுத்தில் இல்லை. உங்கள் தாத்தா அன்று கையெழுத்துப் போடாததற்கு ஒரு காரணம் வைத்திருப்பார். வீட்டுப் பெரியவர்களிடம் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெரியப்பா வரும்போது அவரிடமும் கேளுங்கள். அங்கே அவர் யாரோடு தன்னை ஒப்பிட்டு வாழ்கிறார் என்பதும் பேச்சுவாக்கில் வந்துவிடும்.

● பாரதி கனகலிங்கத்துக்குப் பூணூல் போட்டது உயர்வா? மேல்சாதி அடையாளத்தைக் கொடுத்துத்தான் ஒருவனை உயர்த்த வேண்டுமா?
– ஆசிரியர், வில்லியனூர்

நல்ல கேள்வி. நான் இரண்டு பக்கமும் நின்று யோசித்த விஷயம்.

1913இல் இந்த ஊரில் ஆதிதிராவிட இளைஞர் ரா. கனகலிங்கத்துக்குப் பாரதி பூணூல் அணிவித்துக் காயத்ரி சொல்லிக்கொடுத்தார். அந்த நாளில் அது பெரிய துணிச்சல். அந்த நன்றியைக் கனகலிங்கம் 'என் குருநாதர் பாரதியார்' என்ற நூலில் எழுதியும் வைத்தார். அவர் அடைந்த நிமிர்வு உண்மையானது. அதைக் குறைத்துப் பேச எனக்கோ உங்களுக்கோ உரிமை இல்லை.

ஆனாலும் அளவுகோல் பழையதுதான். உயர்வு என்றால் நூல் என்பதை அது மாற்றவில்லை. 1925இல் பெரியார் தொடங்கிய சுயமரியாதை இயக்கம் அந்த அளவுகோலையே தூக்கி எறியச் சொன்னது. 1929 செங்கல்பட்டு மாநாட்டுக்குப் பிறகு எத்தனையோ பேர் பேருக்குப் பின்னால் இருந்த சாதிப் பட்டத்தை வெட்டினார்கள். பாரதியைக் குருவாக வைத்துப் பேர் சூட்டிக்கொண்ட பாரதிதாசனே இந்த இயக்கத்தின் கவிஞரானார். ஒருவருக்குக் கதவு திறந்துவிட்டவர் பாரதி. சுவரே வேண்டாம் என்றவர் பெரியார். வகுப்பில் இருவரையும் சொல்லுங்கள். என்னைக் கேட்டால் என் சார்பு இரண்டாமவர் பக்கம்.

● நீட் இரண்டு தடவை எழுதிவிட்டேன். ஜிப்மர் வாசலைத் தாண்டும்போதெல்லாம் அழுகை வருகிறது. சொந்தக்காரர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இருந்து என்ன பண்ண என்று தோன்றுகிறது.
– பெயர், ஊர் வேண்டாம்

இதைப் படித்ததும் 14416க்கு அடியுங்கள். டெலி மானஸ், அரசின் இலவச மனநல உதவி எண். ராத்திரி எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். வீட்டில் ஒருவரிடம், நீங்கள் அழுதால் பயப்படாத ஒருவரிடம், எங்களுக்கு எழுதிய இதே வாக்கியத்தை அப்படியே சொல்லுங்கள். அதே ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது. அந்த வாசலுக்குள் போக ரேங்க் தேவையில்லை.

கொஞ்சம் தெளிந்த பிறகு இதையும் படியுங்கள். வில்லியம் ஜேம்ஸ் 1890இல் சொன்ன கணக்கு: சாதித்ததை ஆசைப்பட்டதால் வகுத்தால் வருவது சுயமதிப்பு. உங்கள் கணக்கில் கீழே இருக்கும் எண்ணை யார் போட்டது? நீங்களா, அத்தையா, கோச்சிங் சென்டர் போர்டா? டாக்டராக வேண்டும் என்பது உங்கள் ஆசையே என்றால் மறுபடி முயலலாம், வேறு வழியாகவும் நோயாளிக்குப் பக்கத்தில் போய் நிற்கலாம். அடுத்தவர் போட்ட எண் என்றால் அழித்துவிட்டு நீங்கள் போடுங்கள். ஒரு மாதம் கழித்து எனக்கு மறுபடி எழுதுங்கள். காத்திருப்பேன்.

● ஒயிட் டவுனில் ஒரு கஃபேயில் வேலை. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் வீடு. தினமும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறேன். வருகிறவர்கள் விரலைச் சொடுக்கிக் கூப்பிடுகிறார்கள். சுயமரியாதையோடு எப்படி வேலை பார்ப்பது?
– வாசகர், புதுச்சேரி

சொடுக்கினால் உடனே ஓடாதீர்கள். பக்கத்தில் போய், நிமிர்ந்து நின்று, உங்கள் பேரைச் சொல்லி "என்ன வேணும்?" என்று கேளுங்கள். பேர் தெரிந்த ஆளைச் சொடுக்கிக் கூப்பிடப் பெரும்பாலோருக்குக் கை வராது. உடன் வேலை செய்பவர்களையும் இதையே செய்யச் சொல்லுங்கள். ஒருவர் செய்தால் திமிர் என்பார்கள். எல்லோரும் செய்தால் அது அந்தக் கடையின் வழக்கமாகிவிடும்.

பன்னிரண்டு மணி நேரம் என்பது வேறு விஷயம். அதற்கு மனப்பயிற்சி எதுவும் தேவையில்லை. வேலைக்கு வந்த நேரத்தையும் போன நேரத்தையும் தினமும் ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். முதலாளியிடம் கூடுதல் நேரத்துக்குச் சம்பளம் கேளுங்கள். தரவில்லையென்றால் நாலு பேராகச் சேர்ந்து, அந்த நோட்டோடு தொழிலாளர் துறையில் மனுக் கொடுங்கள்.